பேராசிரியர் மேகநாத சாஹா

உலகிற் பிறந்து மறைந்த மாந்தர் எண்ணிலர். அவருள் தம் பெயரைக் கல்லிற் பொறித்துச் சென்றோர் சிலர். ஏட்டிற் பொறித்துச் சென்றோர் சிலர். விண்மீன்களின் ஒளியை ஆராயப் புகுவோர், எந்நாட்டினராயினும், தம் பெயரைச் சொல்லாது கணக்கிடல் இயலாதவாறு செய்து சென்றோர் மிகச் சிலரே யாவர். அத்தகையோருள் ஒருவர் வங்க நாட்டுப் பேராசிரியர் மேகநாத சாஹா அவர்கள். அப்பெரியாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுந்தோம். தமிழ் பயிலும் மாணவராகிய எமக்குப் பௌதிக சாஸ்திரியார் ஒருவருடைய சரித்திரத்தில் என்ன வேலை என்று வினவும் நண்பர் உளராயின், அவர் பொருட்டு முதற்கண் ஒரு சிறு செய்தி கூறுவாம்.

எமது ஊர் நாட்றாம்பாளையம். அது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டியினின்று ஒகேனக்கல் செல்லும் மலைவழியிலே, காடு சூழ அமைந்த ஊர். கன்னட நாட்டின் எல்லை அண்மையிலுள்ளது. எம் பாட்டனாரிடத்துப் பழைய வானொலிப் பெட்டி யொன்று இருந்தது. பகற்பொழுதில் அதனைத் திருகினால் அண்மையிலுள்ள நிலையம் ஒன்றிரண்டே பேசும். ஏனைய இடமெல்லாம் வெற்றிரைச்சலே. ஞாயிறு மலைவாயில் விழுந்து இருள் சூழ்ந்த பின்னரோ, எங்கெங்கோ உள்ள தூர நிலையங்களெல்லாம், அறியாத மொழிகளிற் பாடிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக எம் திண்ணைக்கு வந்து சேரும். இரவில் ஊர் அடங்கிவிடுதலால் அங்ஙனம் கேட்கிறது என்று பாட்டனார் கூறுவர், யாமும் நம்பியிருந்தோம். உண்மைக் காரணம் வேறென்பதைக் கலாசாலைக்கு வந்த பின்னர், பௌதிகம் பயிலும் விடுதி நண்பர் ஒருவர் வாயிலாக அறிந்தோம்.

நிலத்திற்கு மேல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் முதல் 90 கிலோமீட்டர் வரையுள்ள வானத்திலே, பகலவன் ஒளி காற்றணுக்களைத் தாக்கி, அவற்றினின்று எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்களைப் பிரித்துவிடுகிறது. வானொலி அலை அவ்விடத்தை அடையுங்கால் அவ்வெலெக்ட்ரான்களை அசைக்கின்றது. அசைந்த எலெக்ட்ரான்கள் அண்டையிலுள்ள காற்றணுக்களோடு மோதித் தாம் பெற்ற ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகின்றன. எனவே அலை அங்கேயே விழுங்கப்படுகின்றது. இரவிலோ, பிரிந்தவை மீளக் கூடிவிட, அலை தடையின்றி மேலேறி, இன்னும் உயரத்திலுள்ள அடுக்கிற் பட்டுத் திரும்பி, நெடுந்தூரம் சென்று விழுகின்றது. பாட்டனாரின் பெட்டி இரவிற் பாடியதன் காரணம் இதுவே.

அணுக்கள் பிரிந்த வாயு ஓர் அலையை எங்கே கடக்க விடும், எங்கே திருப்பும், எங்கே விழுங்கும் என்னும் இக்கணக்கு, வானொலி கேட்பார்க்கு மட்டும் உரியதன்று. ஞாயிற்றில் நிகழும் அணுக்கருச் சேர்க்கையை நிலத்தின்மேல் ஒரு கலத்துள் நிகழ்த்தி மின்சாரம் பெற முயலும் பெருமுயற்சி இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது. அக்கலத்திலுள்ள வாயுவைச் சூடேற்றும் வழிகளுள் தலையாயதொன்று வானொலி அலைகளை அதனுட் செலுத்தி விழுங்கச் செய்தலே. இக்கணக்கின் வேரைத் தேடிச் சென்றபோது சாஹா அவர்களின் பெயர் எமக்கு எதிர்ப்பட்டது. அவர்தம் இளமையைப் படித்தபோதோ, எம் மலைப்பக்கத்துப் பிள்ளை யொருவனுடைய கதையைப் படிப்பது போலவே யிருந்தது. ஆதலின் எழுதத் துணிந்தோம்.

மேகநாதர் 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள், தாக்கா நகருக்கு அண்மையிலுள்ள செயோரத்தலி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்தது. தந்தையார் ஜகந்நாத சாஹா சிறு மளிகைக் கடை யொன்று வைத்துப் பிழைத்தவர். தாயார் புவனேசுவரி தேவியார். மக்கள் எண்மருள் மேகநாதர் ஐந்தாமவர். எழுதப் படிக்கத் தெரிந்தவுடன் மகனைக் கடையில் இருத்திக் கொள்ளுதலே தந்தையாரின் எண்ணம். ஊர்ப் பள்ளியிலோ தொடக்க வகுப்புக்களே இருந்தன. அதற்கு மேலுள்ள பள்ளி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிமுலியாவில் இருந்தது. அங்கே அனந்தகுமார தாசர் என்னும் மருத்துவர் ஒருவர் பிள்ளைக்குத் தம் இல்லத்தில் உணவும் இடமும் அளித்தார். தன் உண்கலத்தைத் தானே கழுவுதலும், வீட்டுப் பசுவைப் பேணுதலும் பிள்ளையின் கடமைகளாயின. அங்கிருந்து படித்துத் தாக்கா மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறி, மாதந்தோறும் 4 ரூபாய் உபகாரச் சம்பளம் பெற்றார்.

அப்பொழுது அவர் தமையனார் சணல் ஆலை யொன்றில் வேலை பார்த்து மாதம் 20 ரூபாய் ஊதியம் பெற்று வந்தார். அவ்விருபதில் ஐந்தைத் தம்பியின் படிப்பிற்கென்று மாதந்தோறும் அனுப்பினார். மேகநாதர் வரலாற்றை எழுதுவோர் பலரும் இதனை ஒரு வரியிற் சொல்லி மேற்செல்வர். எமக்கோ இவ்வரியைக் கடந்து செல்ல நெடுநேரமாயிற்று. எம் ஊரினின்று ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் சென்று இரவு பகலாக முறை மாற்றி வேலை செய்து, அவ்வூதியத்தில் ஒரு பங்கைத் தம்பி தங்கையரின் கல்லூரிக் கட்டணத்திற்கு அனுப்பும் தமையன்மார் பலர். யாமும் அங்ஙனம் படிக்க வைக்கப்பட்டவரே.

1905ஆம் ஆண்டு மேகநாதர் தாக்கா அரசினர் பள்ளியிற் சேர்ந்தார். அவ்வாண்டே வங்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நாடெங்கும் கொதிப்பு மூண்டது. புதிய மாகாணத்தின் ஆளுநர் புல்லர் துரை பள்ளியைப் பார்வையிட வந்தபோது மாணவர் சிலர் எதிர்ப்புக் காட்டினர். அவருள் மேகநாதரும் ஒருவர் எனப் பள்ளியினின்று நீக்கப்பட்டார். உபகாரச் சம்பளமும் பறிபோயிற்று. தனியார் பள்ளியாகிய கிஷோரிலால் ஜூபிலிப் பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் தாக்காவிலுள்ள பாப்டிஸ்து மிஷனார் நடத்திய விவிலிய வகுப்பிற்கும் அவர் சென்று வந்தார். மிஷனார் வைத்த தேர்வில் வங்கத்திலேயே முதல்வராக வந்து 100 ரூபாய்ப் பரிசு பெற்றார். மிஷன் கலாசாலை மாணவராகிய நமக்கு இச்செய்தி உவகை தருவதே. எனினும் அவர் கிறிஸ்தவராயினார் அல்லர்; பின்னாளில் எச்சமயச் சடங்கிலும் பற்றில்லாதவராகவே வாழ்ந்தார். அறிவு எவ்வாயிலிற் கிடைப்பினும் அவ்வாயிலுட் புகத் தயங்காத இளைஞர் என்பதே இதனால் நாம் கொள்ளத்தக்கது.

1911ஆம் ஆண்டு கல்கத்தா பிரசிடென்சி கலாசாலையிற் சேர்ந்தார். அங்கே ஜகதீச சந்திர போசரும் பிரபுல்ல சந்திர ராயரும் ஆசிரியர்கள். சத்தியேந்திரநாத போசர் வகுப்புத் தோழர். இவருள் ஜகதீசர், 1895ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவிற் பலர் காண, கம்பியின்றி அலைகளைச் செலுத்தித் தொலைவிலுள்ள மணியை ஒலிக்கச் செய்தவர். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குற்றலைகளைத் தாமே செய்த கருவிகளால் தோற்றுவித்து ஆராய்ந்தவர். இச்செய்தியை நண்பர்கள் மனத்தில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

கலாசாலை வாழ்வு இனிதாகவே அமைந்ததென்று கூறற்கில்லை. ஈடன் இந்து மாணவர் விடுதியில், தாழ்ந்த குலத்தவர் என்று கூறி, அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்த மாணவரும் இருந்தனர். சரசுவதி பூசை நாளில் அவரை விலக்கி வைத்தனர். கல்விக்குரிய தெய்வத்தின் விழாவிலே, கல்வியிற் சிறந்தவன் விலக்கப்பட்டான். அப்புண் அவர் நெஞ்சில் இறுதிவரை ஆறவில்லை. சில நண்பர் அவரோடு விடுதியை விட்டு வெளியேறித் துணை நின்றனர் என்பது ஆறுதல் தருவது.

1915ஆம் ஆண்டு கணிதத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். முதலிடம் சத்தியேந்திரருக்கு, இரண்டாமிடம் மேகநாதருக்கு. அரசாங்க நிதித்துறைத் தேர்வெழுதிப் பதவி பெற எண்ணினார். புரட்சியாளரோடு பழக்கமுடையவர் என்னும் ஐயத்தால் இசைவு மறுக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்க நாள்தோறும் கல்கத்தாவின் ஒரு கோடியினின்று மறுகோடிக்கு மிதிவண்டியிற் சென்று பிழைத்தார். அந்நிலையில் அசுதோஷ முகர்ஜியார் தாம் நிறுவிய சர்வகலாசாலை விஞ்ஞானக் கல்லூரியில் 1916ஆம் ஆண்டு அவருக்கு விரிவுரையாளர் பதவி அளித்தார். பௌதிகத்தில் தாம் முன்பு முறையாகப் பயிலாத பகுதிகளை, முதல்நாள் இரவிற் கற்று மறுநாட் காலையிற் கற்பித்தல் வேண்டியதாயிற்று. அறிந்தவர் கற்பிப்பது உலக வழக்கு. கற்பித்தே அறிந்தவர் சாஹா.

அக்காலத்து வறுமைக்குச் சான்றாக ஒன்று கூறலாம். 1917ஆம் ஆண்டு, ஒளியின் அழுத்தம் ஞாயிற்றின் வாயுக்களை மேலே தாங்கி நிற்பதைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதி அமெரிக்கப் பத்திரிகை யொன்றற்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியரே ஏற்றல் வேண்டும் என்று விடை வந்தது. அத்தொகை அவரிடத்து இல்லை. கட்டுரை முழுமையும் கல்கத்தாவில், வெளிநாட்டார் எளிதிற் காணாத இதழொன்றில் அச்சாயிற்று. அக்கருத்தைப் பின்னர் மேல்நாட்டறிஞர் வளர்த்துப் புகழ் பெற்றனர்.

இனி, அவருக்கு அழியாப் புகழ் தந்த கண்டுபிடிப்பைக் கூறுவாம். ஞாயிற்றின் மேற்புறத்திலுள்ள மெல்லிய வாயுவிலே, சுண்ணமூலமாகிய கால்சியத்தின் ஒளிக்கோடுகள் விந்தையான முறையில் தோன்றின. எலெக்ட்ரான் ஒன்றை இழந்த கால்சியத்திற்கு உரிய கோடுகள், மிக உயரத்திலே வலுவுடன் விளங்கின. வெப்பம் மிகுந்த இடத்திலன்றோ அணு பிரிதல் வேண்டும்? உயரச் செல்லச் செல்ல வெப்பம் மிகுதிப்படுவதாக அக்காலத்தார் கருதவில்லை. பின் ஏன் ஆங்கே பிரிந்த அணுக்கள் மிக்கிருத்தல் வேண்டும்? இது பலரையும் மயக்கிய வினா.

சாஹா விடை கண்டார். எம் மலைப்பக்கத்து உவமை யொன்றால் அவ்விடையை விளக்குவாம். நெருக்கமான பட்டியிலே தாயைப் பிரிந்த ஆட்டுக்குட்டி, இரண்டடி நடந்தால் ஏதேனும் ஒரு தாயை முட்டிக்கொள்ளும். பரந்த காட்டிலே பிரிந்த குட்டியோ துணை காணாது அலைந்துகொண்டே யிருக்கும். அங்ஙனமே அணுவினின்று பிரிந்த எலெக்ட்ரான், நெருக்கமான வாயுவில் விரைந்து மற்றோர் அணுவோடு கூடிவிடும். மெல்லிய வாயுவில் கூட வழியின்றிப் பிரிந்தே திரியும். எனவே வெப்பம் மட்டுமன்று, அழுத்தமும் நோக்கத்தக்கது. வெப்பம் மிகின் பிரிவு மிகும். அழுத்தம் குறையினும் பிரிவு மிகும். இவ்வளவு வெப்பத்தில், இவ்வளவு அழுத்தத்தில், நூற்றுக்கு இத்தனை அணுக்கள் பிரிந்து நிற்கும் என்று எண்ணிச் சொல்லத்தக்க சமன்பாட்டை அவர் அமைத்தார். 1920ஆம் ஆண்டு அஃது இலண்டனில் வெளியாகும் பத்திரிகையில் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. தொலைநோக்காடி யொன்றும் அவர் கையில் இல்லை. தாளும் எழுதுகோலுமே அவர் கருவிகள்.

அவ்வாண்டே மேல்நாடு சென்று, இலண்டனில் ஆல்பிரட் பவுலரிடத்தும் பெர்லினில் நெர்ன்ஸ்டிடத்தும் இருந்து ஆராய்ந்தார். விண்மீன்களின் நிறவேறுபாடும் ஒளிக்கோட்டு வேறுபாடும் பெரும்பாலும் வெப்ப வேறுபாட்டால் வருவனவே என்று 1921ஆம் ஆண்டு விளக்கினார். ஞாயிற்றின் மேற்பரப்பிற் காணப்படாத ருபீடியம் முதலியவை, வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் தோன்றல் வேண்டும் என்று முன்கூட்டிக் கூறினார். அமெரிக்க வானநூலார் ரசல் ஆராய்ந்து நோக்க, ருபீடியம் அங்ஙனமே காணப்பட்டது. கணக்கு கல்கத்தாவினது, அதனைச் சோதிக்கும் கருவி அமெரிக்காவினது. இந்நிலை சாஹாவை வாழ்நாள் முழுதும் வருத்தியது. நம் நாட்டில் கருவி வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், அவற்றைச் செய்யும் தொழிலும் வேண்டும் என்னும் வேட்கை அவர் பிற்கால வாழ்வின் அச்சாயிற்று.

1923 முதல் 1938 வரை அலகாபாத்தில் பேராசிரியராயிருந்தார். 1927ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இக்காலத்திலேதான் பாட்டனாரின் வானொலிப் பெட்டிக்குரிய ஆராய்ச்சியில் அவர் இறங்கியது. மேல்வானத்து அயனி மண்டலத்தில் மின்காந்த அலைகள் செல்லும் முறையைத் தம் மாணாக்கரோடு ஆராய்ந்து 1937ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார். எலெக்ட்ரான்களின் நெருக்கமும், அவை அணுக்களோடு மோதும் மோதலும், நிலவுலகின் காந்தப் புலமும் ஆகிய மூன்றையும் ஒருங்கே கணக்கிற் கொள்ளல் வேண்டும். காந்தப் புலத்தால் ஓர் அலை இரண்டாகப் பிளந்து, வெவ்வேறு வழியிற் செல்லும். எது எங்கே திரும்பும், எது எவ்வளவு தேயும் என்பதே கேள்வி. பின்னர் 1946ஆம் ஆண்டு இதே கணக்கை ஞாயிற்றின்மேல் வைத்துப் பார்த்தார். ஞாயிற்றினின்று வானொலி அலைகள் வருவது அப்போது புதிதாக அறியப்பட்டிருந்தது. சூரியப் புள்ளிகளிலுள்ள வலிய காந்தப் புலத்தினூடே, பிரிந்த வாயுவைக் கடந்து அவ்வலைகள் எந்நிலைமையில் வெளியேறக் கூடும் என்பதை ஆராய்ந்தார். அதே ஆண்டில் ருஷ்ய அறிஞர் லாண்டாவ், மோதலே இல்லாத வாயுவிலும் அலை தேயும் என்பதைக் கணக்கால் நிறுவினார். ஓடும் வண்டியோடு ஏறத்தாழ ஒத்த வேகத்தில் ஓடுபவனே அதனைப் பற்றிக்கொள்ள முடியும். அங்ஙனம் அலையோடு ஒத்தோடும் துகள்கள் அலையின் ஆற்றலைப் பற்றிக்கொள்கின்றன.

1938ஆம் ஆண்டு பாலித் பேராசிரியராகக் கல்கத்தாவுக்கு மீண்டார். சைக்ளோட்ரான் என்னும் பெருங்கருவியை இந்நாட்டில் நிறுவ முயன்றார். அதன் இயல்பு இது: மின்னேற்றமுடைய துகள் காந்தப் புலத்தில் வட்டமிடும், அவ்வட்டத்திற்கு ஒத்த கதியில் மின்விசையை மாற்றி மாற்றித் தூண்டினால், ஊஞ்சலைக் காலமறிந்து தள்ளுவது போல, அதன் வேகம் சுற்றுக்குச் சுற்று பெருகும். மாணாக்கர் ஒருவரை அமெரிக்காவிற்கு அனுப்பி அக்கலையைக் கற்பித்தார். தாதா அறநிலையத்தார் பொருளுதவினர். உலகப் போரில், அதற்குரிய குழாய்களும் காற்றகற்றும் பொறிகளும் ஏற்றிவந்த கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. பல்லாண்டு பாடுபட்டே கருவியை இயக்கல் இயன்றது. இடையில் அணுக்கருப் பௌதிக நிலையம் ஒன்றை நிறுவினார். அதனை 1950ஆம் ஆண்டு ஜனவரியில் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார் திறந்து வைத்தார். அது பின்னர் சாஹா அவர்களின் பெயராலேயே வழங்கலாயிற்று.

அறையிலிருந்து கணக்கிடுதலோடு அவர் அமைந்தாரல்லர். இளமையில் வெள்ளத்தின் கொடுமையைக் கண்டவராதலின், தாமோதர ஆற்றை அடக்கும் திட்டத்திற்குப் பெரிதும் உழைத்தார். 1935ஆம் ஆண்டு விஞ்ஞானமும் பண்பாடும் பற்றிய மாதப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். 1952ஆம் ஆண்டு கட்சி எதனையும் சாராது கல்கத்தாவில் நின்று நாடாளுமன்ற உறுப்பினரானார். நாட்டில் வழங்கும் பல்வேறு பஞ்சாங்கங்களை ஆராய்ந்து ஒரு பொதுக் காலக்கணக்கு வகுக்கும் குழுவிற்குத் தலைவராயிருந்தார். அதன் பயனாகிய தேசிய நாட்காட்டி 1957ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அணுவாற்றல் ஆராய்ச்சியைச் சர்வகலாசாலைகளில் வேரூன்றச் செய்தல் வேண்டும் என்று வாதாடினார், அவ்வாதத்தில் வென்றாரல்லர். அவர் சொல் கடுமையானது. உடன் உழைத்த பெரியார் பலரோடு மாறுபட்டு நின்றார். இக்குறையை மறைத்தல் சரிதம் எழுதுவார்க்கு அழகன்று. 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில், மாரடைப்பால் வீழ்ந்து உயிர் நீத்தார். வயது அறுபத்திரண்டு.

அவர் அணுக்கருச் சேர்க்கைக் கலம் எதனையும் அமைத்தாரல்லர். ஆயினும் அவர் வாழ்வின் மூவேறு உழைப்புகளும் இன்று அக்கலத்திலே ஒன்று கூடுகின்றன. அது எவ்வாறெனக் காட்டி இதனை முடிப்பாம்.

எலெக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்து நிற்கும் வாயுவிற்குப் பிளாஸ்மா என்பது பெயர். மின்னலும், ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரும்பைப் பற்றவைக்குங்கால் எழும் கண்கூசும் சுடரும் அந்நிலையினவே. கனவகை ஹைட்ரஜன் இரண்டாகிய டியூட்டீரியமும் டிரிட்டியமும் கூடி ஹீலியமாதற்கு ஏறத்தாழ 15 கோடி டிகிரி வெப்பம் வேண்டும்; ஞாயிற்றின் நடுவிலுள்ள வெப்பத்தினும் அது பத்து மடங்கு. எக்கலமும் அதனைத் தாங்காது. எனவே டோகாமாக் என்னும் வளைய வடிவக் கலத்திற் காந்தப் புலத்தால் அந்தரத்தில் நிறுத்துவர். அதனூடே மின்னோட்டம் செலுத்திச் சூடேற்றத் தொடங்கலாம். ஆயின் சூடேறச் சூடேற மோதல் குறைந்து மின்தடையும் குறைதலின், அம்முறை பாதி வழியில் நின்றுவிடும். எம் ஊர் வானத்தில் அலையை விழுங்கிய மோதல் அங்கே உதவாது. ஆதலின் சைக்ளோட்ரானின் ஊஞ்சல் வழியை நாடுகின்றனர். காந்தப் புலத்தில் அயனி சுழலும் கதிக்கு ஒத்த வானொலி அலையைச் செலுத்தினால், அலையின் ஆற்றல் அவ்வயனிக்குச் சேரும். வளையத்தின் உட்பக்கத்திற் காந்தம் வலிது, வெளிப்பக்கத்தில் மெலிது. ஆதலின் அலையின் கதியைத் தேர்ந்து, இவ்விடத்திலேயே வெப்பம் விழுக என்று குறிக்கவும் இயலும்.

குறி தவறின் கேடு பெரிது. அலை உள்ளே புகாது திரும்பலாம். விழுங்கப்படாது கடந்து சுவரைச் சுடலாம். சுவரின் துகள் பெயர்ந்து பிளாஸ்மாவிற் கலந்து அதனைக் குளிரச் செய்யலாம். எனவே முன்னரே கணக்கிட்டுப் பார்க்கின்றனர். வளையத்தை மிகச் சிறு அறைகளாக மனத்தாற் பகுத்து, ஒவ்வோர் அறையிலும் துகள்களின் நெருக்கம், வெப்பம், காந்த வலிமை ஆகியவற்றை இட்டு, அலை எங்கு வளையும், எவ்வளவு தேயும் என்பதைக் கணிப்பொறியால் எண்ணுகின்றனர். தேய்ந்த அளவே வெப்பம் ஏறும். வெப்பம் ஏறியவுடன் நிலைமை மாறும். மீண்டும் எண்ணுதல் வேண்டும். நெருக்கமும் மோதலும் காந்தமும் ஒருங்கே கொண்டு சாஹாவும் அவர் மாணாக்கரும் தாளில் எண்ணிய கணக்கின் வழித்தோன்றலே இது. மிக மெல்லிய, மிக வெப்பமான கலத்தின் நடுவில் அவருடைய சமன்பாடு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மையே. அது வெப்பச் சமநிலை நிலவும் இடத்திற்கே உரியது. ஆயினும் வாயு எந்நிலையில் எவ்வளவு பிரியும் என்று கேட்டு எண்ணிச் சொல்லும் வழியைத் திறந்தவர் அவரே.

அவர் பெயர் தாங்கிய கல்கத்தா நிலையத்தில் 1987ஆம் ஆண்டு ஒரு சிறு டோகாமாக் இயங்கத் தொடங்கியது. குஜராத்தின் காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தார் 1989ஆம் ஆண்டு ஆதித்யா என்னும் டோகாமாக்கை இந்நாட்டிலேயே அமைத்து இயக்கினர். பிரான்சு நாட்டிற் கட்டப்பெறும் ஈட்டர் என்னும் பெருங்கலத்தின் முயற்சியில் இந்தியா 2005ஆம் ஆண்டு சேர்ந்தது. அதில் அயனிகளைச் சூடேற்றும் அலை, நொடிக்கு 4 கோடி முதல் 5.5 கோடி முறை அதிர்வது. அவ்வலைக்கு ஆற்றல் தரும் பொறிகளை அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு நம் நாட்டினது. எலெக்ட்ரான்களைச் சூடேற்றும் அலையோ நொடிக்கு 17,000 கோடி முறை அதிர்வது. அதன் நீளம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. முன்னர் மனத்தில் இருத்தச் சொன்ன ஜகதீசரின் குற்றலைகளை நண்பர்கள் இங்கே நினைவு கூர்க. ஆசிரியர் ஆராய்ந்த அவ்வகை அலை, மாணவர் ஆராய்ந்த வாயுவிற் புகுந்து வெப்பமாகின்றது. இருவரும் இதனைக் கண்டிலர்.

நண்பர்களே, கருவி இல்லை, பொருள் இல்லை, ஊர் சிறிது, குலம் தாழ்ந்தது என்று உலகம் சொன்ன ஒவ்வொன்றையும் சாஹா கேட்டார். கேட்டும் கணக்கை நிறுத்தினாரல்லர். அதனோடு மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. அவர் அறிவின் முதற்செலவு சணல் ஆலையில் உழைத்த ஒருவருடைய ஐந்து ரூபாய். அத்தமையனாருக்கு ராயல் சங்கம் இல்லை; நாடாளுமன்றம் இல்லை; அவர் பெயரால் நிலையமும் இல்லை. எனினும் விண்மீன்களின் வெப்பத்தை உலகம் அறிந்ததில் அவருக்கும் பங்குண்டு. விடுமுறைக்கு நாட்றாம்பாளையம் செல்லுங்கால், இரவுமுறை முடிந்து வரும் எம் தமையனாரிடம் இச்சரிதத்தைச் சொல்லுவோம். திண்ணையிற் பாட்டனாரின் பெட்டி இன்னும் இருக்கின்றது. இருட்டிய பின்னர் அதனைத் திருகிக் காட்டியே சொல்லுவோம்.